மேப்பிள் மரம் வரை மர்ஃபி

குருவிகளுக்குப் போடும் தீனிப் பை கிழிந்து, புல்லெல்லாம் தானியம் சிதறிக் கிடந்தது.

பக்கத்திலேயே நார்பர்ட் வோக்ட் கிடந்தார்... குப்புற!

காலில் வீட்டுச் செருப்பு. கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை.

எழுபது வயது மனிதரின் கதையை முடிக்க அது போதுமானதாக இருந்தது.

ஷெரிஃப் வெர்ன் ஆல்டிங்கர் குனிந்து பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

டுமீல்!

காட்டுக்குள் எங்கோ ஒரு துப்பாக்கி. சற்றுத் தள்ளி இன்னொன்று.

வெர்ன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள். மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை அது. விஸ்கான்சினில் அன்றைக்குப் பல் டாக்டர் முதல் பாதிரியார் வரை ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வெர்னும் இந்நேரம் ஒரு மரத்தின் மேல் மானுக்காகக் காத்திருந்திருக்க வேண்டியவர். அந்தக் கடுப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஏதோ ஒரு மடையன் மானுக்கு வைத்த குறி தப்பி, குண்டு இங்கே வந்திருக்கிறது. வருடா வருடம் நடக்கிற கூத்துதான். அப்படித்தான் முதலில் நினைத்தார்.

பிணத்தைக் கண்டு போன் செய்தவன் ட்ராய். நார்பர்ட்டின் அக்கா மகன். முப்பது வயது, நல்ல உயரம், ஆரஞ்சுக் கோட்டு. மத்தியானம் மாமாவுக்கு சாசேஜ் கொண்டுவந்தானாம். கதவைத் தட்டினானாம். பதில் இல்லாமல் பின்பக்கம் வந்தால் இந்தக் கோலமாம். சொல்லும்போதே அழுதான்.

வெர்ன் அழ விட்டார். பிறகு கேட்டார்.

"காலைலயும் நீ இந்தப் பக்கம் வந்தியா, தம்பி? தபால் போடற அம்மா உன்னைப் பாத்துக் கை காட்டினாங்களாம்."

ட்ராய் கண்ணைத் துடைத்தான். துடைக்க எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்.

"ஆமா சார், வந்தேன். காட்டுப் பாதை பக்கத்து வீட்டுப் புல்வெளி ஓரமாத்தான வருது? அங்க நின்னு மாமாவுக்குக் குரல் குடுத்தேன். அவர் வரல. அவர் நாய் மர்ஃபிதான் ஓடி வந்துச்சு. அந்த மேப்பிள் மரம் வரைக்கும் வந்து டக்குனு நின்னுடுச்சு. வாடா வாடான்னு கூப்பிட்டேன், வால ஆட்டிட்டு அங்கயே நிக்குது. அதுக்கு மேல வந்தா ஷாக் அடிக்கும்ல! சரி, மாமாவும் வேட்டைக்குப் போயிட்டார்னு நானும் காட்டுக்கே போயிட்டேன்."

வெர்ன் மேப்பிள் மரத்தைப் பார்த்தார். ஓர் இலை பாக்கி இல்லாமல் உதிர்ந்து நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. இந்தக் குடியிருப்பில் வேலி போடக் கூடாது. துணி காயப்போடக் கொடி கட்டினாலே குடியிருப்போர் சங்கம் கண்டிக்கும். அதனால் நாய் வைத்திருப்பவர்கள் புல்லுக்கடியில் ஒயரைப் புதைத்துவிடுவார்கள். நாயின் கழுத்தில் ஒரு பட்டை. ஒயரை நெருங்கினால் பட்டை 'பீப்' என்று எச்சரிக்கும். மேலும் போனால் சுளீர்! இரண்டு முறை வாங்கிய நாய் மூன்றாம் முறை போகாது.

நார்பர்ட்டின் மனைவி இறந்த வருடம் மர்ஃபி வந்தான். அந்த வருடமே ஒயரும் வந்தது.

ட்ராய் நாயைப் பற்றியும் சொன்னான். சாயங்காலம் கூட்டிப் போய்விடுவானாம். ஆனால் அவன் இருக்கிற இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. காப்பகத்தில்தான் விட வேண்டும்.

"வயசான நாய் சார். யாரும் எடுக்க மாட்டாங்க. ஊசி போட்டு மேல அனுப்பிடுவாங்க. பாவம்தான். என்ன பண்றது?"

"சரி, நாய் எங்க?" என்றார் வெர்ன்.

அப்போதுதான் இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். புல்வெளியில் இல்லை. வீட்டுக்குள் இல்லை.

லொள்!

சத்தம் பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

---

பக்கத்து வீடு ஆர்டிஸ் மேயருடையது. வயது அறுபத்தெட்டு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரை அதட்டி உட்காரவைத்தவள். அவள் கணவன் லீராய் இறந்த பிறகு அந்த வீட்டில் அதட்டுவதற்கும் ஆள் இல்லை.

மேஜையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. எதிர் நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் குவிந்திருந்தன. உட்கார ஆள் வராத நாற்காலியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஏதாவது குவிந்துவிடும்.

மேஜைக்கு அடியில் மர்ஃபி. ஆர்டிஸின் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

நார்பர்ட் இறந்துவிட்ட செய்தியை வெர்ன் சொன்னார்.

ஆர்டிஸ் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா பேசறதில்ல..." என்றாள், சுவரைப் பார்த்து.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ஜோடியும் வாராவாரம் சீட்டாடியவர்கள். இரண்டு ஜோடியிலும் ஒவ்வொருவர் போனார்கள். ஒரு பனிக்காலக் காலையில் நார்பர்ட் கேட்காமலே வந்து ஆர்டிஸின் வாசல் பனியை அள்ளிப் போட்டார். அனுதாபம் காட்ட வேண்டாம் என்று இவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. மறுபடி வந்து கதவைத் தட்ட அவருக்குக் கால் வரவில்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படி. வீடு தீப்பிடித்தால் ஓடி வந்து அணைப்பார்கள். மனசு வெந்தால், தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கிப் போவார்கள்.

"நீங்க அவர் புல்வெளியில கால் வைக்கறதில்லையாமே?"

"வச்சதில்ல. சத்தியமா."

வெர்ன் மேஜைக்கடியில் குனிந்து மர்ஃபியின் கழுத்துப் பட்டையைத் தொட்டார். சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. பேட்டரி நன்றாக இருந்தது. வரும் வழியில் நார்பர்ட்டின் கராஜையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஒயருக்கு மின்சாரம் தரும் பெட்டியிலும் பச்சை விளக்கு. ஒயர் எங்கும் அறுபடவில்லை.

"அப்போ இவன் இங்க எப்படி வந்தான்?"

"வந்தான்..."

"ஷாக்கைத் தாண்டியா? யாராவது தூக்கிட்டு வந்தாத்தான் வர முடியும். அவர் புல்வெளிக்குள்ள போய்த் தூக்கியிருக்கணும். இன்னிக்கு. அங்க ஒருத்தர் செத்துக் கிடக்கறப்போ." வெர்னின் குரலில் இப்போது சிநேகம் இல்லை. "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, மிஸஸ் மேயர்?"

இருந்தது. லீராயினுடையது. ஆர்டிஸ் மாடிப்படிக்கடியைக் காட்டினாள்.

வெர்ன் பெருமூச்சு விட்டார். காலையில் ட்ராய் பார்த்தபோது மேப்பிள் மரத்தடியில் நின்ற நாய், மத்தியானம் மேஜைக்கடியில் எப்படி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.

ஆர்டிஸ் திரும்பினாள்.

"ட்ராய் எப்போ பாத்தானாம்?"

"தபால் வர்ற நேரம்."

"மேப்பிள் கிட்ட?"

"மேப்பிள் வரைக்கும் வந்து நின்னுச்சாம். எவ்ளோ கூப்பிட்டும் தாண்டலயாம்."

ஆர்டிஸ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரியும், அது பொய்! காலை உணவு நேரத்திலிருந்து மர்ஃபி இந்த மேஜைக்கடியில்தான் இருக்கிறான். தபால் வண்டி போன சற்று நேரத்தில் மிக அருகில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. மர்ஃபி அவள் காலைக் கட்டிக்கொண்டான். வேட்டைக்கார முட்டாள்கள் என்று அவள் திட்டினாள். எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் நார்பர்ட்டின் கண்ணில் பட நேருமே!

ட்ராய் எதற்காகப் பொய் சொல்கிறான்?

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், நாய் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் மர்ஃபி போய்விடுவான். மேஜைக்கடியில் வெதுவெதுப்பாகக் கிடக்கிற இந்தத் தாடை இனி இருக்காது. ஒருவேளை அவள் கையிலேயே விலங்கு விழலாம்.

சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் சாயங்காலம் ட்ராய் வந்து மர்ஃபியைக் கூட்டிப் போவான். பிறகு ஊசி!

எப்படிப் பார்த்தாலும் நாய் இல்லை.

"ஷெரிஃப்... நான் ஒரு திருட்டு பண்ணிட்டேன்."

வெர்ன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவர் வேலியைத் தள்ளி வச்சுட்டேன்."

"என்னது?"

அவள் சொன்னாள். தினமும் மர்ஃபி அந்த மேப்பிள் மரத்தடியில் வந்து உட்காருவான். இவளையே பார்த்து வாலை ஆட்டுவான். இவள் தன் வாசலில் நின்று அவனைப் பார்ப்பாள். அவனால் இங்கே வர முடியாது, ஷாக். இவளால் அங்கே போக முடியாது, வீம்பு. நடுவில் கொஞ்சம் புல். நாள் முழுக்க இவளைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே உயிர் அதுதான். அதுவும் தொட முடியாத தூரத்தில்.

பக்கத்து ஊருக்குப் போய், அங்கேதான் யாருக்கும் இவளைத் தெரியாது என்று, ஒரு சுருள் சிவப்பு ஒயர் வாங்கிவந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நார்பர்ட் மதுக்கடையில் வறுத்த மீன் சாப்பிடப் போவார். ஊரே அங்கேதான் இருக்கும். அவர் வண்டி கிளம்பியதும் மேப்பிள் மரத்தடியில் ஒயரை வெட்டி, புது ஒயரை முடிந்து, தன் புல்வெளிக்குள் லைலாக் புதரைச் சுற்றி இழுத்துப் புதைத்தாள்.

"அவர் மண்ணுல கால் வைக்கல. முட்டி போட்டுக் கையை மட்டும்தான் நீட்டினேன்."

வெர்னுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பழைய இடத்தைத் தாண்ட மர்ஃபி பயந்தான். ஒரு மாதம் சீஸைக் காட்டிக் காட்டித்தான் லைலாக் வரை வந்தான். பிறகு ஒரு நாள், யாரும் கூப்பிடாமல், லைலாக்கையும் தாண்டிச் சமையலறைக் கதவையே பிராண்டினான்!

"லைலாக்கைத் தாண்டினா ஷாக்தான், ஷெரிஃப். வாங்கிட்டுத்தான் வர்றான். தினம் வர்றான். எனக்காக ஒருத்தன் வலியைப் பொறுத்துக்கறானேன்னு..." அவள் முடிக்கவில்லை. "நிறுத்தியிருக்கணும் நான். மனசு வரல."

கெட்டில் பற்றாத அடுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"ஆக, மேப்பிள் கிட்ட இப்போ ஒயரே இல்ல?"

"வசந்த காலத்துலேருந்து இல்ல. இன்னிக்குக் காலைலேருந்து மர்ஃபி இங்கதான், தபால் வண்டி போனதும் பக்கத்துல வெடிச் சத்தம் கேட்டப்பவும்."

வெர்ன் எழுந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். மான் கிடைத்துவிட்ட மனிதரின் நடை இப்போது அவருக்கு வந்துவிட்டது.

---

ட்ராயைக் காலையில் நின்றதாகச் சொன்ன இடத்திலேயே நிற்கச் சொன்னார். அவன் நின்றான். பட்டையைக் கழற்றிவிட்டு மர்ஃபியை வண்டியில் ஏற்றிச் சுற்றிக் கொண்டுபோய் நார்பர்ட்டின் வாசலில் இறக்கினார். கழுத்தில் மறுபடி பட்டை. பச்சை விளக்கு.

"கூப்பிடு தம்பி. காலைல கூப்பிட்ட மாதிரியே."

"மர்ஃபி! வாடா!"

மர்ஃபி காதைத் தூக்கினான். ஓடி வந்தான்.

மேப்பிள் மரத்தை நெருங்கினான்...

ட்ராய் கையைக் காட்டினான். "பாத்தீங்களா, இப்போ நின்..."

நிற்கவில்லை!

மேப்பிள் மரத்தைத் தாண்டி, லைலாக் புதரைத் தாண்டி, ட்ராயைச் சட்டைகூடப் பண்ணாமல், ஆர்டிஸின் சமையலறைக் கதவுக்கு ஒரே ஓட்டமாக ஓடினான். ஆர்டிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே போய்விட்டான்.

ட்ராயின் முகத்தில் ரத்தம் இல்லை.

"பேட்டரி... பேட்டரி தீந்திருக்கும் சார்."

"தீரல."

"எப்பவும் அங்கதான் நிக்கும்! போன வருஷம்கூட..."

"போன வருஷம் நின்னுச்சு. சரிதான். இன்னிக்குக் காலைல நின்னதை நீ பாக்கல. நாயையே நீ பாக்கல. ஏன்னா நீ மேப்பிள் கிட்ட நின்னு யாரையும் கூப்பிடல. தபால் அம்மா போனதும் நேரா பின்பக்கம் போன." வெர்ன் குரலை உயர்த்தவில்லை. "உன் துப்பாக்கியை மாடிசன்ல இருக்கற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே சொல்றியா?"

ட்ராய் புல்லில் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். சீசன் தொடங்கும் முன்பே, விளக்கடித்து மானின் கண்ணைக் கூசவைத்து, திருட்டுத்தனமாகச் சுட்டிருக்கிறான். மாமா பார்த்துவிட்டார். வனக் காவலரிடம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டார். சொன்னால் வேட்டை உரிமம் போகும், வருஷக்கணக்கில்! இந்த ஊரில் பெண்டாட்டி போனவனுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். உரிமம் போனவனோடு பீர் குடிக்க ஒருவரும் வர மாட்டார்கள்.

"திங்கக்கிழமை சொல்லிடுவேன்னார் சார்... இன்னிக்கு எல்லாரும் சுட்டுக்கிட்டுதான இருக்காங்க..."

விலங்கு விழுந்தது. துணை அதிகாரி அவனை வண்டியில் ஏற்றினார்.

---

ஆர்டிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். தன்னையும் ஏற்றுவார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கைப்பையும் கையில் இருந்தது.

ஆனால் வெர்ன் லைலாக் புதருக்கு முன்னால் நின்று மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஆர்டிஸ் அம்மா, ஒரு சந்தேகம். இங்க ஷாக் வாங்கிட்டுத்தான் வர்றான்னு சொன்னீங்க. இப்போ ஓடினான்ல... ஒரு முனகல்கூட இல்லயே?"

மர்ஃபியின் பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தார். கையில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு லைலாக்கைச் சுற்றி நடந்தார்.

சத்தமில்லை.

ஆர்டிஸ் திகைத்தாள். இங்கேதான், தன் கையால் புதைத்தாள்!

வெர்ன் நடந்துகொண்டே இருந்தார். அவள் வீட்டுப் பக்கவாட்டில் போனார். சத்தமில்லை. வீட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்வெளிக்குப் போனார்.

பீப்!

"ஆ!" வெர்ன் கையை உதறினார். பட்டை சுளீரென்று கொடுத்துவிட்டது.

அங்கே குதிகாலால் மண்ணைக் கிளறினார். ஒயர் தெரிந்தது. சிவப்பு இல்லை. மஞ்சள்.

வெர்ன் அந்தக் கோட்டைத் தொடர்ந்தார். பீப்... பீப்... வீட்டின் பின்னால், கொட்டகையைச் சுற்றி, மறுபடி முன்னால் வந்து, வாசல் தபால் பெட்டிக்கு அருகில் திரும்பி, நார்பர்ட்டின் பக்கமாகப் போனது. ஆர்டிஸின் வீடு மொத்தமும் அந்த ஒயருக்கு உள்ளே இருந்தது.

"இது நான் போடல..." என்றாள் ஆர்டிஸ்.

"தெரியும். அவர் கராஜ்ல ஒரு சுருள் மஞ்சள் ஒயர் தொங்குது. பாதி காலி."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமை அவர் மீன் சாப்பிடப் போவார். புதன்கிழமை சாயங்காலம் இவள் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போவாள். இவள் நகர்த்தியதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். கேட்கவில்லை. திட்டவில்லை. இவள் இல்லாத சாயங்காலங்களில் வந்து, முட்டி போட்டு, தோண்டி, இவள் வீட்டையே சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

மர்ஃபி ஒரு நாளும் வலியைப் பொறுக்கவில்லை. பொறுத்தவர் வேறு ஆள்.

"போன மாசம் மீன் சாப்பாட்டுல நார்பர்ட் என் பக்கத்துல வந்து உட்காந்தார்," என்றார் வெர்ன். "அவர் நாயைப் பத்தி ஆர்டிஸ் ஏதும் புகார் குடுத்தாளான்னு கேட்டார். இல்லையேன்னேன். நிம்மதியாவார்னு பாத்தா, மனுஷனுக்கு முகம் விழுந்துபோச்சு. நீங்க வந்து சண்டை போடுவீங்கனு காத்துட்டு இருந்திருக்கார். அதுவாச்சும் பேச்சுதான?"

ஆர்டிஸ் வாசற்படியில் உட்கார்ந்தாள். அழுதாள். லீராய் போனபோதுகூட ஊர் பார்க்க அழாதவள்.

மர்ஃபி வந்து மடியில் தலையை வைத்தான். பட்டை இல்லாத கழுத்தை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கைது பண்ணணும்னா பண்ணுங்க. இவனை மட்டும் அந்தக் காப்பகத்துக்கு..."

"எதுக்கு அனுப்பணும்? அவன் அவனோட வேலிக்குள்ளதான் இருக்கான். சொந்தக்காரரே போட்ட வேலி. நான் சாட்சி. கையில தழும்பே இருக்கு."

வெர்ன் வண்டி வரை போனார். கதவைத் திறந்தவர், மூடிவிட்டுத் திரும்பி வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை எங்க கூட மீன் சாப்பிட வர்றீங்களா? நானும் என் வீட்டுக்காரியும்தான். சீட்டாட ஒரு கை குறையுது."

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேராவே கேட்டுடறேன்மா. முட்டி போட்டு ஒயர் புதைக்க எனக்கு மூட்டு ஒத்துழைக்காது."